ஏலாது என்று எழுதிய மகனுக்கு

மகனே,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் அப்போதே எழுதியிருக்க வேண்டிய பதில் இது. இரண்டு மாதம் பிந்திவிட்டது. நீ உள்ளறையில் பாயில் படுத்திருக்கிறாய். நான் கூடத்து மேசையில் இருந்து எழுதுகிறேன். நடுவில் ஒரு சீலைத் திரைதான். எழும்பி வந்து சொல்லிவிடக்கூடிய தூரம். ஆனாலும் நமக்குள் உருப்படியான பேச்செல்லாம் கடிதத்தில்தான் நடந்திருக்கிறது. நேரில் வந்தால் சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், சாப்பிட்டன் சின்னம்மா என்று நீ சொல்வாய், அதோடு இருவரும் தப்பித்துக்கொள்வோம். இன்று தப்பிக்க எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து, உனக்குச் சோறு போட்டு, பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். கை களைத்திருக்கிறது. வாக்கியங்கள் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள். பிழை பொறுப்பதை உனக்கு நான் ஒருநாளும் கற்றுத் தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு முப்பத்து நாலு வயது, உனக்கு இருபத்திரண்டு. இந்த வித்தியாசத்தை ஊர் என்றைக்கும் மறந்ததில்லை, நானும் மறந்ததில்லை. உன்னைப் பெற்ற என் அக்கா போன அடுத்த வருடம், அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த இதே வீட்டுக்கு, அவள் புருஷனுக்குப் பெண்டாட்டியாக நான் வந்தேன். அதற்கு முன் மட்டக்களப்புப் பட்டினத்தில் பெண்கள் பாடசாலையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்று அதில் ஒரு புத்தகத்திலும் இல்லை. நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் தலைக்கு எண்ணெய் வைத்தால் ஓடினாய், சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாய். ஒருநாள் சிலேட்டில் உன் பெயரை எழுதி, வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தலைகீழாகப் போட்டேன். நீ கிட்ட வந்து, "இது பிழ" என்றாய். நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அன்று முதல் பிழை பார்ப்பதே நமக்குள் அன்பாக இருந்தது. வேறு விதமாக உன்னைத் தொட எனக்குத் தெரியவில்லை.

பதினொரு வயதில் உன்னைப் பட்டினத்தில் விடுதியில் சேர்த்தபோது வாரம் ஒரு கடிதம் என்று ஏற்பாடு. நீ எழுதி அனுப்புவாய். நான் சிவப்பு மையால் திருத்தி, என் பதிலோடு சேர்த்து உன் கடிதத்தையே உனக்குத் திருப்பி அனுப்புவேன். உலகத்தில் வேறு எந்தத் தாயும் இப்படிச் செய்திருக்க மாட்டாள். பதின்மூன்று வயதில் நீ எழுதினாய்: "சின்னம்மா, இந்தக் கடிதத்தில் ஆறு பிழை ஒளித்து வைத்திருக்கிறேன். முடிந்தால் கண்டுபிடியுங்கள்." நான் ஏழு கண்டுபிடித்தேன். அந்த ஏழாவது பிழைக்காக நீ விடுமுறையில் வந்து என்னோடு இரண்டு நாள் சண்டை பிடித்தாய். அகராதியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிவரை வந்தாய். உன் அப்பா நடுவில் நின்று, "எழுத்துக்கு அடிபடுற வீடு இது ஒண்டுதான்" என்றார். கொழும்பில் நீ டொக்டர் படிப்புக்குச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பிழைகள் குறைந்தன, கடிதங்கள் நீண்டன. நீண்ட கடிதம் வரும் நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்ததில்லை.

பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஊருக்கு ஊர் பரவி, ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல், உங்கள் படிப்பை நிறுத்தி மாணவர்களையே இரண்டிரண்டு பேராகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். உனக்குக் கிடைத்தது வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு கிராமம். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை மருந்துச்சாலையாக்கியிருந்தார்கள். உன் அப்பா சந்தோஷத்தில் வட்டையெல்லாம் போய்ச் சொன்னார். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை என்பதால் வயல்காரர் எல்லாரும் கேட்டுத்தானே ஆகவேண்டும். "எங்கட பக்கத்துக்கே அனுப்பியிருக்காங்க. ஆத்துக்கு அங்கால நிண்டு கூப்பிட்டாக் கேக்கும்." எனக்கும் சந்தோஷம். நம் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாவியைத் தோணியில் கடந்து, மாட்டு வண்டியில் போனால் அரை நாள் பயணம். ஆனால் ஏழு கிழமையில் ஒரு தடவைகூட நான் வரவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பெற்றவளாக இருந்தால் போயிருப்பாள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிறிய தாய் பெரிய பிள்ளைக்குப் பின்னால் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று யாராவது சொல்வார்களோ என்று கூசினேன். உனக்கும் அது வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இப்படி நினைத்து நினைத்து, வாவியின் இந்தக் கரையிலேயே இருந்துவிட்டேன்.

உன் கடிதங்கள் சுருங்கின. முதல் கிழமை மூன்று பக்கம். உன்னோடு வந்த மற்ற மாணவனுக்கே காய்ச்சல் கண்டு, அவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தாய். இரண்டாவது ஒரு பக்கம். பிறகு அரைப் பக்கம். வேலை கூடிவிட்டது, நேரம் இல்லை என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது கிழமை வந்தது இவ்வளவுதான்: "அன்புள்ள சின்னம்மாவுக்கு, நான் சுகம். கொயினா மருந்து முடிந்து வருகிறது. எனக்கு ஏலாது. மகன்."

நான் என்ன செய்தேன் என்று நம் இருவருக்கும் தெரியும். எழுதாமல் விட்டால் அது இன்னொரு தப்பித்தல். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். "ஏலாது" என்பதை வெட்டி மேலே "இயலாது" என்று எழுதினேன். பக்கத்தில், "எது இயலாது? வாக்கியம் முடியவில்லை. முடித்து எழுதவும்" என்று எழுதினேன். கீழே, உடம்பைப் பார்த்துக்கொள், கொத்தமல்லி அனுப்புகிறேன் என்று இரண்டு வரி. மடித்து உறையில் போட்டேன். அன்று காலை நன்றாகத் தூங்கி எழும்பியிருந்தேன். அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவையும் என் கண்ணுக்கு எழுத்துத்தான் தெரிந்தது. பதில் வராதபோது நீ கோபித்துக்கொண்டாய் என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்தேன். அகராதியோடு வருவாய் என்று இருந்தேன்.

நீ வந்தது காசிம் காக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு. நல்ல வெயில் நேரம். அந்த மருந்துச்சாலையில் மருந்து கலக்கவும் ஆட்களை வரிசையில் விடவும் வைத்திருந்த, எல்லாரும் காக்கா என்று அழைக்கும் காத்தான்குடி முஸ்லிம் மனிதர் அவர் என்று எனக்கு அப்போது தெரியாது. வாசலில் நின்று, "டீச்சர் ஊடு இதானே?" என்றார். உன்னைக் கதிரையில் இருத்தினார். நீ என்னைப் பார்த்தாய். வேறு யாரோ வீட்டுக்குள் வந்தவன் பார்ப்பதுபோல, மரியாதையாகப் பார்த்தாய்.

"காய்ச்சலா காக்கா?" என்றேன்.

"காய்ச்சலெண்டா எனக்கு விளங்குமே டீச்சர். நெத்தியத் தொட்டுப் பாத்துட்டன், சூடில்ல. நேத்து விடிய வரிசை நிக்கிது. தம்பி கதிரையில இரிக்கார். போத்தல் கையில இரிக்கி. ஊத்துறாரில்ல. ஊத்துங்க தம்பி எண்டன். ஓம் காக்கா எண்டார். ஊத்தல்ல. அப்பிடியே மத்தியானமாப் போச்சு. மறுகா நானே ஊத்திக் குடுத்து ஆக்கள அனுப்பிட்டன். எனக்கு அளவு தெரியும். பெரிய டொக்டர்மார்ட்ட சொல்லிராதீங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பின்னேரம் மருந்து கொடுக்க அங்கே ஆள் இல்லையாம்.

பதினொரு நாள் நீ தூங்கினாய். எழுப்பினால் எழும்பினாய், தந்ததைத் தின்றாய், திரும்பப் படுத்தாய். தூக்கத்திலும் உன் வலக்கை ஓயவில்லை. நாலு விரலையும் சேர்த்துப் பாயை மெல்ல அமுக்கும், கொஞ்சம் நகரும், திரும்ப அமுக்கும். அது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. உன் பெட்டியைக் கொண்டுவந்து தர காசிம் காக்கா மறுபடி வந்தபோது கேட்டேன். தன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி வருகிற கட்டியைப் பார்க்கிற கை அது என்றார். பிள்ளைகளை வாங்குப் பலகையில் படுக்கவைத்து, வயிற்றைத் தடவி, கட்டி எத்தனை விரல் அளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டுமாம். ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டேன். "வாற அவ்வளவும்" என்றார்.

இடையில் ஒருநாள் உன் மாமா, என் அண்ணன், பழுகாமத்திலிருந்து வந்தார். மருந்துப் போத்தல் ஒன்றில் தண்ணீர் ஓதிக் கொண்டுவந்திருந்தார். உன் தலைமாட்டில் இருந்து, "கண்தான் மருமகன். எத்தின பேர்ர கண் உன்னில பட்டிருக்கும்? படுவான்கரை முழுக்க உன்னத்தானே பாத்துக்கொண்டு நிண்ட. இதக் குடி" என்றார். நீ போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "மாமா, சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா?" என்றாய். ஒன்பது நாளில் நீயாகப் பேசியது அது ஒன்றுதான். மாமா கண்ணை மூடி யோசித்தார். "பின்னுக்கே குடி மனே. வெறுவயித்துக்குக் கூடா." நான் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பு முடிந்து அது வேறொன்றாக மாறியபோது அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

காசிம் காக்கா பெட்டியோடு வந்த அன்று அவரை நான் போகவிடவில்லை. தேத்தண்ணி கொடுத்து இருத்தி, எல்லாவற்றையும் கேட்டேன். நீ மேலிடத்துக்கு இரண்டு தடவை எழுதியதும், இருப்பவரை வைத்துச் சமாளிக்கவும் என்று பதில் வந்ததும் தெரிந்துகொண்டேன். காலையில் வரிசை, பின்னேரம் நடக்க முடியாதவர்களின் வீடுகள். தூங்கியது வாங்கில். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னார். கைக்குழந்தையோடு வந்தாள். "உனக்குக் காலையில் தந்தாயிற்று, ஒரு நாளைக்கு ஒரு தரம்தான், போ" என்று நீ அவளை அனுப்பினாய். காலையில் வாங்கிப்போனவள் வேறொருத்தி. காக்காவுக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் அவர் தண்ணீர் அள்ளப் போயிருந்தார். அவள் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "ஏலாது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். மூன்றாம் நாள் அவள் புருஷன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வரிசையில் நின்றான். நீ கேட்டாய், அவள் செத்துப்போனாள் என்று அவன் சொன்னான். உன்னை அவன் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு மருந்து கேட்டான். நீ ஊற்றிக் கொடுத்தாய்.

"அண்டைக்குப் பின்னேரம் தம்பி என்னட்டக் கேட்டார்," என்றார் காக்கா. "'காக்கா, ஆக்கள்ர முகமெல்லாம் எனக்கு ஒண்டாத் தெரியிது. உங்களுக்கும் அப்பிடியா?' எண்டு. இல்ல தம்பி எண்டன். அப்பிடிச் சொல்லியிரிக்கக் கூடா போல. மறுகா உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்தான் தபாலுக்குக் குடுத்த."

நான் அனுப்பிய பதில் வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே சொன்னார். "உங்கட கடிதத்தப் படிச்சிட்டுச் சிரிச்சார் டீச்சர். மடிச்சுச் சட்டப் பைக்குள்ள வெச்சார். நல்ல சேதியாக்கும் எண்டு நானும் சந்தோஷப்பட்டன்."

அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் உன்னிடம் சொன்னது அந்த ஒரு சொல்லைத்தான். நடக்க ஏலாது, தின்ன ஏலாது, பிள்ளையைத் தூக்க ஏலாது. எதுவென்று சொல்லவும் தெம்பில்லாதபோது வெறுமனே ஏலாது. வருத்தம் என்பதற்கும் முடியாமை என்பதற்கும் நம் சனத்துக்கு அது ஒரே சொல். நீ யாரையும் எது ஏலாது, வாக்கியத்தை முடி என்று கேட்கவில்லை. வாங்கில் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாய். எனக்கு அந்தச் சொல் எழுத்தில் வந்தது, நான் எழுத்தைப் பார்த்தேன். நீ அந்தப் பெண்ணின் முகத்தைத் தவறவிட்டாய். நீ தவறவிடவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சொன்னால் நீ என்னை நம்பமாட்டாய். அந்த ஒருவேளை மருந்து கிடைத்திருந்தால் அவள் இருந்திருப்பாளா என்று எனக்கோ உனக்கோ ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் நீ தவறவிட்டது ஐந்து கிழமை ஒழுங்காகத் தூங்காமல். நான் உன்னைத் தவறவிட்டதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை.

அதோடு நான் நிற்கவில்லை. மேலிடத்துக் கந்தோரிலிருந்து உன் பெயருக்குக் காகிதம் வந்தது உனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போனதற்குக் காரணம் எழுதி, வருகிற புதன்கிழமைக்குள் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் உன் படிப்பும் இல்லை. உன் அப்பா அதை என் கையில் தந்து, "மலேரியா எண்டு எழுது புள்ள" என்றார். நான் எழுதினேன். நல்ல இங்கிலீசில், மூன்று தரம் குளிர்காய்ச்சல் வந்ததாக, நாளுக்கு நாள் உடம்பு எப்படி இருந்தது என்பதுவரை ஒரு கதை எழுதுவதுபோல எழுதினேன். பேனை ஓரிடத்திலும் நிற்கவில்லை. அப்பாவுக்காக எழுதினேன் என்று சொன்னால் பாதி உண்மை. காய்ச்சல்காரனின் தாயாக இருப்பது எனக்கும் சுலபமாக இருந்தது. கிணற்றடியில் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு சொல் இருந்தது. இப்போது அந்தக் காகிதம் அலுமாரியில் உன் கையெழுத்துக்காகக் கிடக்கிறது.

முந்தாநாள் மாமா மறுபடி வந்திருந்தார். நீ சாப்பிட்டுப் படுத்த பிறகு அவருக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டேன். மீனாணத்தைச் சோற்றோடு பிசைந்துகொண்டே, "மலேரியாக்காரன் ரெண்டு கோப்பை சோறு தின்னுறானே மச்சான். எங்கட பக்கம் காய்ச்சல் வந்தவங்க தண்ணியும் வாயில வைக்கிறாங்கல்ல" என்றார் மாமா. பகிடியாகத்தான் சொன்னார். என் கையில் அகப்பை இருந்தது. "அண்ணன், அவனுக்குக் காய்ச்சல் வரவே இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கியது. அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "எனக்குத் தெரியும்" என்றார். "பாயில அவன்ட கைய நான் பாக்கல்லயா? காய்ச்சல்காரன்ட கை அப்பிடி வேல செய்யாது. கந்தோருக்கு மலேரியா விளங்கும், இது விளங்காது. அதுக்குத்தான் எழுதச் சொன்ன."

மாமா பிசைந்த சோற்றை வைத்துவிட்டார். "அப்ப இது என்ன வருத்தம்? ஊர்ல கேட்டா நான் என்னெண்டு சொல்லுற? என்ட மகள் கேக்கிறாள், அவளுக்கு என்னெண்டு சொல்லுற? பேரொண்டு வேணுமே மச்சான்."

"நெல்லுச் சூடு மிதிக்கக்குள்ள களத்தில ஒரு மாடு படுத்தா என்ன செய்யிறம்?" என்றார் அப்பா. "பிணையல அவிழ்த்து உடுறம். வருத்தத்துக்குப் பேர் வெச்சிட்டா அவிழ்க்கிறம்?"

"அது மாடு. இவன் டொக்டருக்குப் படிச்சவன்."

"மாட்டுக்கு இரிக்கிற நியாயம் என்ட மகனுக்கு இல்லையா?"

மாமா கை கழுவும்போது நான் தண்ணீர் வார்த்தேன். "தங்கச்சி, அந்த ஓதின தண்ணிய இனிக் குடுக்காத. பழசாப் போயிருக்கும்" என்றார். படலையடியில் நின்று திரும்பி, "களைச்சுப் போனான் எண்டு மகளுக்குச் சொல்லுறன். அது பொய்யில்லத்தானே?" என்று கேட்டார். இல்லை அண்ணன் என்றேன். ஆகவே இந்த வீட்டில் உனக்காகக் காய்ச்சலைப் பற்றி இனி யாரும் நடிக்கவேண்டியதில்லை. நீயும் நடிக்கவேண்டாம்.

இன்று காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவன் என்னைக் கேட்டாய்: "அங்க இப்ப ஆர் சின்னம்மா நிக்கிற?" நான் தெரியாது மகன் என்றேன். அது பொய். காசிம் காக்கா போன கிழமையே சொல்லிவிட்டார். உன் இடத்துக்கு ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு ஒரு வருடம் கீழே படிப்பவன், தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது, காக்கா சொல்வதை வைத்துத்தான் மருந்து. அவனும் தனியாகத்தான் நிற்கிறான். "நல்ல புள்ள டீச்சர். ஆனா சோறு அப்பிடியே கிடக்கும், பூனதான் தின்னுது" என்றார். இதை உனக்குச் சொன்னால் நாளைக்கே எழும்பிப் போய்விடுவாய் என்று பயந்தேன். ஐந்து நாளாகத்தான் நீ கேட்டுச் சாப்பிடுகிறாய். உன் கை ஓய்ந்து இன்று மூன்றாவது நாள். அதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லிக் காப்பாற்றலாம் என்று பகல் முழுக்க நினைத்தேன். முடியவில்லை. மறைத்து வைத்தால், ஒருநாள் நீயே அறிந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இவனையும் உன் கணக்கில் எழுதிக்கொள்வாய்.

அவன் அங்கே தனியாக நிற்பது உன் பிழை அல்ல. நீ இங்கே படுத்திருப்பதால் அவன் அங்கே நிற்கவில்லை. ஒருவனைத் தனியாக நிறுத்தலாம் என்று நினைப்பவர்கள் இருப்பதால் நிற்கிறான். நீ திரும்பிப் போனால் அவனுக்குப் பதில் நீ நிற்பாய், அவ்வளவுதான். ஆனால் இங்கே இருந்துகொண்டே நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. என் மலேரியாக் கதையில் நீ கையெழுத்திட்டால் உன் படிப்பு பெரும்பாலும் மிஞ்சும். தபாலில் போடுவதும் நானாகவே இருப்பேன், அதற்காக உன்னை ஒரு சொல் குறைவாக நினைக்கமாட்டேன். அதைக் கிழித்துவிட்டு நடந்ததை எழுதினால், ஆறு கிழமைக்கு மேல் தனியாக நின்றதையும், இரண்டு தடவை ஆள் கேட்டதையும், கடைசியில் போத்தலைப் பிடித்த கை ஊற்றாமல் நின்றதையும் எழுதினால், அவர்கள் உன்னை வெளியே அனுப்பலாம். ஒருவேளை இன்னொரு ஆளை அங்கே அனுப்பவும் செய்யலாம். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் யார், எப்படி நினைப்பவர்கள் என்று நான் வாசித்த புத்தகங்களால் அறிய முடியவில்லை. படிப்பு போனாலும் இந்த வீட்டில் உன் பாய் இருந்த இடத்திலேயே இருக்கும். உன் அப்பா வட்டையில் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார், நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எதை எழுதினாலும் நீயே எழுது. முடிவெடுக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது. புதன்கிழமைவரை தூங்கியே முடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டாலும் அது ஒரு பதில்தான், அதையும் நான் ஏற்றுக்கொள்வேன்.

நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காசிம் காக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர் அக்கரைத் துறையில் வண்டியோடு நிற்பார். முதல் தோணியில் நான் அங்கே போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோகிறேன். அந்தப் பிள்ளை என் முன்னால் இருந்து சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு மத்தியானமாவது அவனைத் தூங்கவைத்துவிட்டு, வரிசையில் நிற்பவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்வேன், எந்த முகம் எந்தப் பெயர் என்று பார்த்துப் பார்த்து. மருந்தை அளக்க காக்காவுக்குத் தெரியும். ஞாயிறு பொழுதுபடத் திரும்பிவிடுவேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தொடர்ந்து போகலாம் என்று நினைக்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் போவதைப் பார்த்து நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் இத்தனையும் எழுதி உன் தலைமாட்டில் வைக்கிறேன். உன் சோறு மூடி வைத்திருக்கிறது. துறைக்கு வரவேண்டாம் மகன். படுத்திரு.

சின்னம்மா